பூமியின் மேல் ஒரு பழி

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு நட்சத்திரம் சாகப்போகிறது, நீங்கள் வந்திருந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று டில்லியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. இதே சொற்களில் அல்ல. ‘காமா கதிர் வெடிப்பு: நேரடிக் காட்சி’ என்று கெட்டி அட்டையில் தங்க நிற எழுத்தில் அச்சடித்து, கீழே கிழமையும் நேரமும் போட்டிருந்தார்கள். அர்த்தம் அதுதான். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதுபோல நட்சத்திரத்தின் சாவுக்கும் நேரம் குறிக்க டில்லிக்காரர்களால்தான் முடியும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து தன் எடை தாங்காமல் உள்ளே சரிகிறது. நடுவில் கருந்துளை பிறக்கிறது. உள்ளே விழும் பொருளில் ஒரு பங்கு விழாமல், இரண்டு பக்கமும் ஒல்லியான தாரைகளாக, ஒளியின் வேகத்துக்குக் கொஞ்சமே குறைவான வேகத்தில் பீய்ச்சியடிக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பாயுமே, அப்படி. அந்தத் தாரை நம் பக்கம் திரும்பியிருந்தால், சில நொடிகளுக்கு வானத்திலேயே பிரகாசமான காமா ஒளி அதுதான். வேறு பக்கம் திரும்பியிருந்தால் அப்படி ஒன்று நடந்ததே நமக்குத் தெரியாது. எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். நானும் என் மாணவர்களும் சேர்ந்து செய்த படிகக் கருவி ஒன்று ஒரு செயற்கைக்கோளில் ஏறிப் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. செய்தது நாங்கள், ஓட்டுவது டில்லியில் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம், சொன்னால் சால்வை போர்த்தி மறுபடி கூப்பிடுவார்கள். அந்தத் தாரையைத் தள்ளுவது வெறும் சூடான பொருளா, முறுக்கிக்கொண்ட காந்தப் புலமா என்பது எங்கள் துறையில் இன்னும் தீராத சண்டை. வந்து சேரும் காமா கதிர்கள் ஒரே தளத்தில் அதிர்கின்றனவா, தாறுமாறாக அதிர்கின்றனவா என்று அளந்தால் சண்டைக்கு விடை கிடைக்கும். எங்கள் கருவி அதை அளப்பதற்கென்றே செய்தது. ஆனால் மங்கலான வெடிப்புகளை வைத்துக்கொண்டு அளக்க முடியாது. கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். அந்த ஒன்றுக்காக நாங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தோம்.

இதற்கிடையில் கருவிக்கு அனுமதித்த காலம் முடியப்போகிறது. நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அமைச்சகத்தில் ஒரு பெரியவர். இங்கே அவரைப் பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கண்முன்னே ஒரு வெடிப்பைக் காட்டினால் மனம் இளகிவிடுவார் என்று நிறுவனத்தின் இயக்குநர் கணக்குப் போட்டிருந்தார். கருவியை அணைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. அதனால்தான் பெட்டியைக் கட்டினேன்.

விமானம் இறங்கும்போது ஜன்னலில் டில்லி தெரியவில்லை. கஞ்சித் தண்ணீர் நிறத்தில் ஏதோ ஒன்று எல்லாப் பக்கமும் பரவியிருந்தது. காமா கதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடும், அதனால்தான் கருவியை மேலே அனுப்புகிறோம் என்று வகுப்பில் சொல்வேன். டில்லியில் சூரியனைப் பார்ப்பதற்கே ஒரு செயற்கைக்கோள் அனுப்ப வேண்டும்போல. வெளியே வந்து முதல் மூச்சு இழுத்ததும் தொண்டையில் தீபாவளிக்கு மறுநாள் காலை வந்து உட்கார்ந்துகொண்டது.

செல்போனில் கூப்பிட்ட டாக்ஸிக்காரர் எங்கே போக வேண்டும் என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை பதில் சொன்னதும் காணாமல் போனார். பிறகு ஓர் ஆட்டோ. மீட்டர் இருக்கிறதே என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். அது வண்டியோடு வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் ஓட்டுநர். கிட்வாய் நகர் என்று நான் தெளிவாகத்தான் சொன்னேன். கிட்வாய் நகரில் கிழக்கு ஒன்று, மேற்கு ஒன்று உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. மேற்கில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பெட்டியை இழுத்துக்கொண்டு கிழக்குக்கு நடந்தேன். வழியில் விசாரித்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டினார்கள், ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை.

நான் தங்கியது சந்திராவின் வீட்டில். அவள் என்னோடு கல்லூரி விடுதியில் இருந்தவள். திருநெல்வேலிக்காரி. மத்திய அரசில் பிரிவு அலுவலர். டில்லிக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது, ஆனால் அவள் பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருக்கிறது. கணவர் கௌஹாத்தியில் வேலையாக இருக்கிறார். கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னட்டி பூங்கொடி, இப்படி மெலிஞ்சு போயிட்ட? ஒங்க கோயம்புத்தூர்ல சோறு போடுதாங்களா இல்லையா?”

போட்ட சோற்றில் குறை சொல்ல முடியாது. சொதி வைத்திருந்தாள். டில்லிப் பச்சைப் பட்டாணி குளிர்காலத்தில் இனிப்பாக இருக்கும் என்று அதையும் அள்ளிப் போட்டிருந்தாள். இந்தப் பயணத்தில் நான் நிந்திக்காமல் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துக்கொண்டு, காதில் ஒரு பொத்தானையும் மாட்டிக்கொண்டு சந்திராவின் மகள் திவ்யா உட்கார்ந்திருந்தாள். டில்லியில் பிறந்தவள். மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளியில் சில வருடம் படித்தாளாம். தமிழ் பேசுவாள், பேருந்துப் பலகை அளவுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். எங்கள் கருவியை ஓட்டுகிற அதே நிறுவனத்தில்தான் ஒப்பந்தத்தில் ஆராய்ச்சியாளராக இருக்கிறாள். நேர்முகத்தில் அவளாகவே தேறி வந்தவள், நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் பேசப் பேச அவள் பார்வை செல்போனுக்குப் போய்ப் போய் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோறு இறங்குவதற்கும் அந்தக் கண்ணாடித் துண்டு வேண்டும் என்று மனசுக்குள் திட்டினேன்.

“சாரி ஆன்ட்டி, இந்த வீக் என்னோட டியூட்டி” என்றாள், நான் நினைத்தது கேட்டதுபோல.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது ஒரு வெடிப்பு பதிவானால், உலகத்திலுள்ள கருவிக்காரர்கள் எல்லாரும் உடனே சுற்றறிக்கை அனுப்புவார்கள். பார்த்தவர்கள் என்ன பார்த்தோம் என்று எழுதுவார்கள். பார்க்காதவர்களும் ஏன் பார்க்கவில்லை என்று எழுத வேண்டும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். செயற்கைக்கோள் பூமிக்கு இந்தப் பக்கம் இருக்கும், வெடிப்பு அந்தப் பக்கம் வந்திருக்கும். ‘பூமி மறைத்தது’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவோம். அந்த வாரம் யார் முறையோ அவர் கணக்கிலிருந்துதான் சுற்றறிக்கை போக முடியும், அவர் பெயர்தான் முதலில் இருக்கும். அந்த வாரம் திவ்யாவின் முறை.

மறுநாள் திங்கட்கிழமை ஒத்திகை. திவ்யா என்னைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனாள். டில்லியில் பெண்களுக்கு இலவசம், ஆனால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சீட்டைக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர் நகரப் பேருந்திலும் பெண்களுக்கு இலவசம்தான். அங்கே நடத்துநர் முறைப்பைக் கொடுப்பார், இங்கே அதையும் தருவதில்லை. எங்களைப் பார்த்தும் நிறுத்தாமல் போன இரண்டு பேருந்துகளைப் பற்றித் திவ்யா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது வானிலை மாதிரி.

நிறுவனத்தின் வாசலில் காவலர் என்னை உள்ளே விடவில்லை. தங்க எழுத்து அட்டையைக் காட்டினேன். அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றார். அன்றைக்கு முழுவதும் அந்த வளாகத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான வாக்கியம் அது. திவ்யா ஹிந்தியில் ஏதோ சொல்லி, சிரித்து, அண்ணன் என்ற அர்த்தத்தில் பையா என்று இரண்டு தடவை கூப்பிட்டு என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டில் நான்கு பாத்திரத்தில் மூன்றில் பனீர். மூலையில் ‘சவுத் இண்டியன்’ என்று எழுதி வைத்து, அதன் பின்னால் இட்லி என்ற பெயரில் வெள்ளையாக எதையோ அடுக்கியிருந்தார்கள். சாம்பாரில் வெல்லம் போட்டவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. இயக்குநர் தாமே வந்து எனக்கு ஓர் இட்லி எடுத்து வைத்தார். உங்கள் ஊர்ச் சாப்பாடு என்றார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்லும் வகை. குரல் உயராது, புன்னகை இறங்காது.

நான் நினைத்துக்கொண்டு வந்தது, பழைய வெடிப்பு ஒன்றின் பதிவைத் திரையில் ஓட்டிவிட்டு ‘இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்வோம் என்று. அதுவே அரைப் பொய். இயக்குநருக்கு அது போதவில்லை. செயற்கைக்கோளிலிருந்தே நேராக வர வேண்டுமாம். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இது. கருவியின் மின்னணுப் பகுதி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக உள்ளே ஒரு சோதனைச் சுற்று வைத்திருக்கிறோம். அது செயற்கைத் துடிப்புகளை உண்டாக்கும். பழைய வெடிப்பு ஒன்றின் ஏற்ற இறக்கத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்தால், வானத்தில் ஒன்றும் நடக்காமலேயே கருவி ஒரு வெடிப்பை அனுப்பும். செயற்கைக்கோள் பதினோரு மணிக்கு நாட்டுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு நிமிடம் கடந்து போகும்போது அது திரையில் வந்து விழும்.

சோதனை நிலையில் இருக்கும்போது படிகங்கள் சொல்வதைக் கருவி காதில் வாங்காது. கண்ணைக் கட்டிவிட்டுக் கண்ணாடி மாட்டிவிடுகிற வேலை. அந்த நேரத்தில் நிஜமாகவே ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று இயக்குநரிடம் கேட்டேன்.

“பத்து நிமிடம் மேடம்” என்றார் ஆங்கிலத்தில். “இத்தனை வருடம் வராதது அந்தப் பத்து நிமிடத்திலா வரப்போகிறது?”

வராது என்று எனக்கும் தெரியும். அதற்காக ஒத்துக்கொள்ள முடியுமா? ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். நீட்டிப்பு வேண்டுமா வேண்டாமா என்று அவர் கேட்டார், சிரித்துக்கொண்டேதான். மாலைக்குள் கட்டளை செயற்கைக்கோளுக்கு ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அரங்கத்தில் சாமந்திப்பூ மணம் மூக்கைத் துளைத்தது. குத்துவிளக்கு, அதில் முன்கூட்டியே ஏற்றிய ஒரு திரி அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர். முதல் வரிசையில் சோபாக்கள், ஒவ்வொரு சோபாவின் முதுகிலும் வெள்ளைத் துண்டு. மேடையில் பெரிய திரை. ஓரத்தில் ஒரு சிறு மேஜையில் கணினியோடு திவ்யா. மணி பத்தே முக்கால் ஆனது. பெரியவரைக் காணோம். ரிங் ரோட்டில் நெரிசல் என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். அவரைவிடப் பெரியவர் ஒருவருக்காகச் சாலையை அடைத்துவிட்டார்களாம், அதில் எங்கள் பெரியவர் மாட்டிக்கொண்டார். டில்லியில் இதற்கு முடிவே கிடையாது.

செயற்கைக்கோள் யாருக்காகவும் காத்திருக்காது. பதினோரு மணிக்கு அது தலைக்கு மேலே வந்துவிட்டது. தொடர்பு கிடைத்ததும் திவ்யா எழுந்து இயக்குநரிடம் போனாள். விருந்தினர் வரவில்லையே, சோதனை நிலையை ரத்து செய்துவிடட்டுமா என்று ஹிந்தியில் கேட்டாள். இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவார், இருக்கட்டும் என்றார் அவர். அவள் திரும்பி வந்து, உட்காராமல் மறுபடி போய்க் கேட்டாள். அதே பதில். நானும் போய்க் கேட்டேன். அப்போது எனக்கும் அதே இரண்டு நிமிடம்தான் கிடைத்தது.

திரையில் எங்கள் பொய் வெடிப்பு ஏறத் தொடங்கியது. பார்ப்பதற்கு வெள்ளைத் துண்டுகள் மட்டும்தான் இருந்தன. கச்சிதமாக ஏறியது, சிறு சிறு முனைகளாக உடைந்தது, இறங்கியது.

அது இறங்கி முடிவதற்குள் என் கைப்பையில் செல்போன் துடித்தது. திவ்யாவின் மேஜையிலும் துடித்தது. வெளிநாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றிலிருந்து தானாக வரும் எச்சரிக்கை. அடுத்த நிமிடம் இன்னொரு செயற்கைக்கோளிலிருந்து. வெடிப்பு. பிரகாசம் என்ற இடத்தில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு சுழியம் தவறி விழுந்துவிட்டதோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். தவறவில்லை. நாங்கள் காத்திருந்தது அதற்காகத்தான். திசையைப் பார்த்தேன். ஏறக்குறைய நேர் உச்சி. எங்கள் கருவியின் பார்வைக்கு நடு மத்தியில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. குத்துவிளக்குக்காரர் கண்ணில் புகை பட்டுவிட்டதா என்று கேட்டார். திவ்யா அழவில்லை. திரையையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே போனதும் தொடர்பு அறுந்தது, திரை வெறுமையானது.

பெரியவர் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. மாலை மரியாதை, விளக்கேற்றல், வரவேற்பு எல்லாம் முடிந்து, பதினோரு மணிக்கு வந்து விழுந்த பொய் வெடிப்பின் பதிவை ‘நேரடி’ என்று போட்டார்கள். பொய்யின் நகல். இதற்குக் கருவியின் கண்ணைக் கட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, இதோ தாரை நம்மை நோக்கி வருகிறது, இதோ உள்ளுக்குள் அடுக்குகள் மோதிக்கொள்கின்றன என்று விளக்கம் சொன்னேன். நீட்டிப்பு வேண்டுமே. பெரியவர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். இதைக் குடியரசு தினத்தன்று காட்ட முடியுமா என்று அவர் கேட்டார். ஏற்பாடு செய்துவிடலாம் ஐயா என்றார் இயக்குநர். மேடையிலேயே கருவிக்கு நீட்டிப்பு அறிவித்துவிட்டுப் பெரியவர் பனீர் சாப்பிடப் போனார்.

அதன் பிறகு இயக்குநர் எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. உலகமே அந்த வெடிப்பைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறது, நாமும் இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“வழக்கமாக எழுதுவதுதான். பூமி மறைத்தது.”

அந்த நேரத்தில் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே, வெடிப்பு அதற்கும் மேலே. மறைக்காத ஒரே பொருள் பூமிதான் என்றேன். சுற்றுப்பாதைக் கணக்கு இணையத்தில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடுவார்கள் என்றேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டார். இந்தச் சுற்றறிக்கைகளைப் படிப்பவர்களுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

“விழாவுக்காகக் கருவியை மூடி வைத்தோம் என்று எழுதினால் பெரியவருக்கு அவமானம். நீட்டிப்பு போய்விடும். உங்கள் கருவிதானே மேடம்? பூமிக்கு என்ன, வலிக்கவா போகிறது?” என்றார் இயக்குநர். பிறகு திவ்யாவின் பக்கம் திரும்பினார். அவளுடைய ஒப்பந்தப் புதுப்பிப்பு தம் மேஜையில்தான் இருப்பதாகவும், இந்த மாதக் கடைசிக்குள் பார்த்துவிடுவதாகவும் அன்பாகச் சொன்னார்.

வெளியே வந்தோம். சாலையோரம் ஒருவர் கரி அடுப்பில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு, நறுக்கி, மசாலா தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அதை அவித்து அப்படியே சாப்பிடுவோம், அதற்கு மசாலா தூவினால் சிரிப்பார்கள். இலைத் தொன்னையைப் பிடித்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் நின்றபடியே சுற்றறிக்கையைச் செல்போனில் எழுதினேன். ‘வெடிப்பின்போது கருவி சோதனை நிலையில் இருந்தது. ஆகவே தரவு இல்லை.’ அவ்வளவுதான். எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. பொய் இல்லை. யாருக்கும் அவமானம் இல்லை. கருவியும் பிழைக்கும், பெண்ணின் வேலையும் பிழைக்கும். இயக்குநரே இதற்கு ஒத்துக்கொள்வார்.

திவ்யா படித்துப் பார்த்தாள். கிழங்கை மென்றுகொண்டே இன்னொரு தடவை படித்தாள்.

“இது ஜூட் இல்ல ஆன்ட்டி” என்றாள். “ஆனா சச்சும் இல்ல.”

பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை என்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. சோதனை நிலையில் இருந்தது உண்மைதானே என்று வாதாடினேன். ஏன் இருந்தது என்பதை யாரும் கேட்கப்போவதில்லை, கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பேச்சை இன்று எங்கேயோ கேட்டோமே என்று உறைத்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்ட ஆளை அரை மணிக்கு முன்னால் நான் எத்தனை ஏளனமாகப் பார்த்தேன். நான் அவரைவிடக் கொஞ்சம் நன்றாகப் பூசி மெழுகத் தெரிந்தவள், அவ்வளவுதான் வித்தியாசம்.

“நான் டியூட்டில இருந்தேன் ஆன்ட்டி. நான் பாத்துட்டு நிக்கும்போதே போச்சு. ஏன் போச்சுன்னு நான்தான சொல்லணும்?”

ஒப்பந்தத்தை நினைத்துப் பார் என்றேன். உன் அம்மா வீட்டில் சோறு தின்றுகொண்டு நான் இதற்குத் துணை போனேன் என்று இருக்கக் கூடாது என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“மம்மிகிட்ட மட்டும் நீங்க பேசிடுங்க” என்றாள். பிறகு பையிலிருந்து கணினியை எடுத்து, நடைபாதைத் திட்டில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் தட்டினாள். ‘வெடிப்பு கருவியின் பார்வைக்குள் இருந்தது. பூமி மறைக்கவில்லை. ஒரு பொது நிகழ்ச்சியில் செயற்கை வெடிப்பைக் காட்டுவதற்காகக் கருவி சோதனை நிலையில் வைக்கப்பட்டிருந்தது. ஆகவே நாங்கள் இதைப் பதிவு செய்யவில்லை.’ வழக்கப்படி முறைக்காரரின் பெயர் முதலில். அடுத்து என் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். போடு என்றேன்.

அனுப்பிவிட்டு, அச்சா, ஜல்தி வாங்க, ஆறு மணிக்கு மேல பஸ்ல நிக்கக்கூட எடம் இருக்காது என்று என்னைக் கிளப்பினாள்.

சந்திரா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நின்று நடந்ததை முழுவதும் சொன்னேன். பொய் வெடிப்பு, நிஜ வெடிப்பு, இயக்குநர் அறை, மேஜையிலிருக்கும் ஒப்பந்தம், சுற்றறிக்கை. அவள் தோசையைத் திருப்பினாள், எடுத்தாள், அடுத்ததை ஊற்றினாள். இரண்டு தோசை ஆன பிறகுதான் வாய் திறந்தாள்.

“எம்புள்ளைக்கு வேல போவும்னு தெரிஞ்சேதான் பக்கத்துல நின்னியா?”

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? கல்லை இறக்கி வைத்தாள். அரசாங்கக் கோப்பில் குறிப்பு எழுதி எழுதியே முடி நரைத்தவள் அவள். ஒரு வார்த்தையை எங்கே போட்டால் யார் தப்பிப்பார்கள், யார் மாட்டுவார்கள் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அப்பம் அந்தச் சமயத்துல பூமி எங்கனதான் இருந்துச்சு?”

“காலுக்குக் கீழ.”

“அப்பம் அவ எழுதுனது சரிதான்” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். எனக்கு ஊற்றிய தோசை மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் தடித்திருந்தது. கேட்கிற நிலையில் நான் இல்லை.

புதன்கிழமை காலை நான் கிளம்புவதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. நீட்டிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆணை முறைப்படி கையெழுத்தாகி வந்துவிட்டது. அமைச்சகத்தில் யாரும் சுற்றறிக்கை படிப்பதில்லை, பெரியவருக்கு அவமானம் என்று ஒன்று நேரவே இல்லை. இயக்குநர் படித்திருந்தார். திவ்யாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று காலையிலேயே ஒரு வரி அனுப்பியிருந்தார், வாழ்த்துகளோடு.

மெட்ரோ வாசல் வரை என் பெட்டியை அவள்தான் இழுத்து வந்தாள். அடுத்து என்ன செய்வாய் என்று கேட்டேன். வேறு இடம் தேடணும் என்றாள், பேருந்து நிற்காமல் போனதைப் பற்றிப் பேசுகிற அதே குரலில். ஆனால் கண் சிவந்திருந்தது. இந்த வாரம் முடியும் வரைக்கும் முறை தன்னுடையதுதான் என்று சொல்லிச் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். அந்தச் செல்போனை வைத்து அவளைத் திட்டியதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்காது. கையை மட்டும் இறுகப் பிடித்துவிட்டு உள்ளே போனேன்.

விமானத்தில் எனக்கு முன் என் இருக்கையில் உட்கார்ந்து வந்தவர் விட்டுப்போன செய்தித்தாளை எடுத்துப் பிரித்தேன். உள்பக்கத்தில் படம். பெரியவர் திரையைச் சுட்டிக் காட்டுகிறார், இயக்குநர் புன்னகைக்கிறார், ஓரத்தில் ஒலிவாங்கியோடு நான் அசடு வழிகிறேன். விழாவுக்கு முந்தைய நாளே நிறுவனத்தில் எழுதிக் கொடுத்த குறிப்பை வரி மாறாமல் போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை சரியாகப் பதினோரு மணிக்கு, டில்லிக்கு மேலே, நட்சத்திர வெடிப்பு ஒன்று நிகழ்ந்ததாம்.

இரண்டு முறை படித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என்றோ செத்த நட்சத்திரத்தின் ஒளி எத்தனையோ கோடி ஆண்டுகள் ஓடி வந்து, குறித்த கிழமையில், குறித்த நேரத்தில், குறித்த ஊருக்கு நேர் மேலே வந்து நின்றிருக்கிறது. டில்லியில் நான் இருந்த மூன்று நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தது அது ஒன்றுதான். அது வந்தபோது நாங்கள் பெரியவருக்காகக் காத்திருந்தோம்.